தோற்கவும் உரிமை வேண்டும்

“அக்கா, உங்கள தூக்கிடப் போறாங்களாமே, நெசமாவா?”

கேட்டவள் எங்கள் கால்பந்து அணியின் ஏழாம் நம்பர். 0-5 என்று தோற்றுவிட்டு எண்ணூர் விரைவுச் சாலையில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தோம். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் சாலையின் ஒரு பக்கம் முழுக்க வரிசைகட்டி நின்றன. அந்த இரைச்சலைச் சாக்காக வைத்து, காதில் விழாததுபோல இருந்துவிட்டேன். ஆனால் விழுந்தது. கூட நின்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் விழுந்தது. பேருந்து வரும்வரை யாரும் பேசவில்லை.

அது 2024 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான அந்தத் தொடரில் எங்களுக்கு ஏழாவது ஆட்டம். ஆறு தோல்வி, ஒரு டிரா. போட்ட கோல் நான்கு, வாங்கிய கோல் இருபத்து மூன்று. அன்று காலையிலேயே, ஆட்டம் தொடங்கும் முன்பே, கிளப் செயலாளர் போன் செய்திருந்தார். “புதன்கிழமை சாயங்காலம் கமிட்டி மீட்டிங் மேடம். நீங்க கண்டிப்பா வரணும்.”

நான் அந்த கிளப்பில் பயிற்சியாளராகச் சேர்ந்து மூன்றாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. அதுவரை என்னை ஒரு கமிட்டிக் கூட்டத்துக்கும் அழைத்ததில்லை. வரவு செலவு பேசும்போது அழைக்கவில்லை. மைதானத்துக்கு நேரம் ஒதுக்கும்போது அழைக்கவில்லை. இப்போது மட்டும் ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் திருவொற்றியூர்க்காரி. அப்பா இங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். இந்தப் பகுதியில் பையன்களுக்கு விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல, பிழைக்க ஒரு வழி. குத்துச்சண்டை, கேரம், கால்பந்து என்று எதிலாவது பேர் வாங்கினால் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்பது தெருவுக்குத் தெரிந்த கணக்கு. பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தரவில்லை. எனக்குக் கால்பந்து கல்லூரியில்தான் கிடைத்தது. பிறகு பயிற்சியாளர் லைசென்ஸ் படிப்பில் முதல் படியை முடித்தேன். பகலில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மிஸ். விடிகாலையில் கிளப்.

இந்த ‘மிஸ்’ பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஆண் பயிற்சியாளரை ‘மாஸ்டர்’ என்பார்கள். குத்துச்சண்டை என்றால் ‘வாத்தியார்’. இரண்டு சொல்லிலும் ஒரு கனம் இருக்கிறது. மாஸ்டர் திட்டினால் அது பயிற்சி. மாஸ்டர் தோற்றால் அது கெட்ட நேரம். பெண்ணுக்கு அப்படி ஒரு சொல் இன்னும் உருவாகவில்லை. கமிட்டிக்கு நான் மேடம், அம்மாக்களுக்கு மிஸ், பிள்ளைகளுக்கு அக்கா. மூன்றுமே அன்பானவைதான். ஆனால் மூன்றிலும் எனக்கு ஆட்டம் தெரியும் என்பது இல்லை.

சினிமாவிலும் பாருங்கள். ‘இறுதிச்சுற்று’ படத்தில் வடசென்னை மீனவப் பெண் குத்துச்சண்டை வீராங்கனை, அவளைக் கண்டெடுப்பவர் ஆண் கோச். ‘பிகில்’ படத்தில் பெண்கள் கால்பந்து அணி, அவர்களைக் கரைசேர்ப்பவர் ஆண் கோச். என் பிள்ளைகள் ‘பிகில்’ படத்தைப் பத்துத் தடவை பார்த்திருக்கிறார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு பெண் கோச் தோற்று, திட்டு வாங்கி, மறுபடி எழுகிற கதையை நான் இன்னும் திரையில் பார்க்கவில்லை.

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்பதும் முக்கியம். அதற்கு முன் இருந்த மாஸ்டர் தொடரின் நடுவிலேயே விலகிப் போயிருந்தார். அணியில் எட்டுப் பிள்ளைகள்தான் மிச்சம். பெண்கள் அணியைக் கலைத்துவிடலாமா என்று கமிட்டி யோசித்துக்கொண்டிருந்தபோது, “லேடீஸ் யாராவது இருந்தா அம்மாங்க அனுப்புவாங்க” என்று யாரோ சொல்ல, என் பெயர் வந்தது. மாதம் ஏழாயிரம் ரூபாய். பையன்கள் அணியின் மாஸ்டருக்குப் பன்னிரண்டாயிரம். நான் பேரம் பேசவில்லை. வாய்ப்பு கிடைத்ததே பெரிது என்று நினைத்தேன்.

பின்னாளில்தான் தெரிந்தது, இதற்கு ஒரு பெயரே இருக்கிறது என்று. ‘கண்ணாடிக் கூரை’ என்ற சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண்ணை மேலே ஏறவிடாமல் தடுக்கும், கண்ணுக்குத் தெரியாத கூரை. மிஷெல் ரயன், அலெக்ஸாண்டர் ஹாஸ்லம் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2005-இல் இன்னொன்றைச் சொன்னார்கள். பிரிட்டனின் பெரிய நிறுவனங்களைப் பார்த்தபோது, ஒரு நிறுவனம் தொடர்ந்து சரிந்துகொண்டிருக்கும் சமயத்தில்தான் அதன் இயக்குநர் குழுவுக்குப் பெண்கள் வருவது தெரிந்தது. கூரையைத் தாண்டியவளை மலையின் விளிம்பில் நிறுத்துகிறார்கள். அவர்கள் அதைக் கண்ணாடி விளிம்பு என்றார்கள். விழுந்தால், “பார்த்தீர்களா, பெண்ணால் முடியவில்லை” என்று சொல்ல வசதியான இடம். எட்டுப் பிள்ளைகள் மிஞ்சிய அணி என்பது அப்படி ஒரு விளிம்பு.

எட்டைப் பதினாறு ஆக்கினேன். அதற்கு நான் கால்பந்து சொல்லிக்கொடுக்கவில்லை, வீடு வீடாகப் போனேன். திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர்க் குப்பங்கள். மாலை நான்கு முதல் ஆறரை வரை மைதானம் பையன்களுக்கு. எங்களுக்குக் காலை ஐந்தரை முதல் ஏழு. அந்த நேரத்தில்தான் பல வீடுகளில் அம்மா காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போயிருப்பார். தண்ணீர் பிடிப்பது, சோறு வடிப்பது, தம்பியைக் கிளப்புவது எல்லாம் மூத்த பெண்ணின் தலையில். ஆட்டத்தில் கொஞ்சம் முன்னேறத் தொடங்கும் வயதும், வீட்டு வேலை முழுதாகத் தலையில் விழும் வயதும் ஒன்றுதான்: பதிமூன்று, பதினான்கு. மைதானத்தில் கழிப்பறை உண்டு. ஆனால் சாவி வாட்ச்மேனிடம். அவர் ஏழரைக்குத்தான் வருவார். மாதவிடாய் நாட்களில் பிள்ளைகள் வராமல் போனதற்குக் காரணம் புரியவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. எதிர் வீட்டில் தையல் தைக்கும் ஒரு அக்காவின் கையைக் காலைப் பிடித்து, அவர் வீட்டுக் கழிப்பறைக்கு அனுமதி வாங்கினேன்.

இரண்டாவது ஆண்டில் நான்கு ஆட்டங்கள் ஜெயித்தோம். மூன்றாவது ஆண்டுக்கு நல்ல அணி இருக்கிறது என்று நம்பினேன். பிறகு 2023 டிசம்பர் வந்தது.

மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பகுதி மூழ்கியது எல்லோருக்கும் தெரியும். வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம் எல்லாம் கறுப்பாகப் படர்ந்தது. படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் தார் மாதிரி ஒட்டியது. என் அணியில் ஐந்து பேர் அந்தக் குப்பங்களின் பிள்ளைகள். பள்ளிச் சீருடை, ஷூ, ஜெர்சி எதுவும் மிஞ்சவில்லை. மீன் பிடிக்கவும் முடியாது, பிடித்தாலும் விற்காது என்று வீட்டில் வருமானம் நின்றது. அது அடங்குவதற்குள் டிசம்பர் 26 நள்ளிரவு, கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத்திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எங்கள் கோல்கீப்பரும் தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். அதற்குப் பிறகு பல வாரம் அவள் பந்துக்காகத் தாவும்போது பாதியில் நின்று இருமுவாள்.

ஜனவரியில் தொடர் தொடங்கியது. இரண்டு ஆட்டங்களில் பதினொரு பேரை நிறுத்த முடியவில்லை, ஒன்பது பேரோடு ஆடினோம். புள்ளிப் பட்டியலில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. அங்கே இருப்பது ஆட்டம், வெற்றி, டிரா, தோல்வி, போட்ட கோல், வாங்கிய கோல். அவ்வளவுதான்.

ஞாயிறு இரவிலிருந்து புதன் மாலை வரை நான் சரியாகத் தூங்கவில்லை. போனில் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். வேலை போகப்போகும் பயிற்சியாளர்கள் பற்றிய கதைகள்தான்.

முதலில் தேடியது மேமோல் ராக்கி. கோவாவைச் சேர்ந்தவர். 2017-இல் இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது, அந்தப் பொறுப்புக்கு வரும் முதல் பெண் என்று செய்திகள் சொன்னதும், கல்லூரித் தோழிகள் எல்லோரும் போனில் கூத்தாடியதும் நினைவிருக்கிறது. அவர் காலத்தில் 2018-இல் ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் இந்தியா முதன்முறையாக இரண்டாம் சுற்றுக்குப் போனது. 2019-இல் தெற்காசிய சாம்பியன்ஷிப்பும், அதே ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கமும் வந்தன. பிறகு கொரோனா. ஓராண்டுக்கு மேல் ஒரு சர்வதேச ஆட்டம்கூட இல்லை. 2021 பிப்ரவரியில் துருக்கிக்குப் போன அணி செர்பியாவிடம் 0-8, ரஷ்யாவிடம் 0-8, உக்ரைனிடம் 2-3 என்று தோற்றது. ஏப்ரலில் உஸ்பெகிஸ்தானிடமும் பெலாரஸிடமும் ஒரு கோல் வித்தியாசத்தில் தோல்வி. ஜூலையில் தனிப்பட்ட காரணங்களுக்காக அவர் பதவி விலகினார் என்று செய்தி வந்தது.

அந்தச் சொற்களுக்குமேல் நான் எதையும் கூட்டப் போவதில்லை. அவருடைய காரணங்கள் அவருடையவை. எனக்கு நினைவிருப்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. 0-8 செய்தி வந்த மறுநாள் டீக்கடையில் ஒருவர், “லேடி கோச்சுன்னா இப்படித்தான்” என்றார். ஓராண்டுக்கு மேல் ஆடாத அணி, தன்னைவிடப் பல படி மேலே இருக்கும் ஐரோப்பிய அணிகளோடு மோதியது பற்றி அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் காரணத்தை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார். அடுத்து ஸ்வீடனின் தாமஸ் டென்னர்பி வந்தார், மூத்த அனுபவசாலி. 2022 ஜனவரியில் நம் நாட்டிலேயே நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா ஈரானுடன் 0-0 டிரா செய்தது. அடுத்த ஆட்டத்துக்குள் அணியில் கொரோனா பரவி, போதிய ஆட்கள் இல்லாமல் தொடரை விட்டே வெளியேற நேர்ந்தது. அது கொரோனாவால் நடந்தது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அது சரிதான். “ஜென்ட்ஸ் கோச்சுன்னா இப்படித்தான்” என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

நான் கேட்பது அந்த நியாயம் இந்தப் பக்கமும் வர வேண்டும் என்பதுதான்.

அடுத்து நம் சென்னைக் கதை. சென்னையின் எஃப்.சி. அணியை ஜான் கிரிகரி 2017-18 ஐ.எஸ்.எல். சாம்பியன் ஆக்கினார். அடுத்த ஆண்டு அதே அணி பட்டியலில் கடைசி இடம். பதினெட்டு ஆட்டங்களில் ஒன்பதே புள்ளி. அவரை நீக்கவில்லை, இன்னொரு ஆண்டு தொடர்ந்தார். மூன்றாவது ஆண்டும் தொடக்கத்திலேயே சரிந்தபோது, 2019 நவம்பர் இறுதியில் விலகினார். பிறகு வந்த ஓவன் கோய்ல் அதே அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். இதில் எனக்குப் பொறாமை இல்லை. சாம்பியன் ஆக்கியவருக்கு இன்னொரு வாய்ப்பு தருவது சரியான முடிவு. கடைசி இடத்துக்கு வந்தபோது யாரும் அவர் ஆண் என்பதைக் காரணமாகச் சொல்லவில்லை. அடுத்து இன்னொரு ஆணை அமர்த்தவும் யாரும் தயங்கவில்லை. அவர் தோற்றபோது அவர் மட்டும் தோற்றார். ஒரு பெண் தோற்றால், அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் எல்லாப் பெண்களும் சேர்ந்து தோற்கிறார்கள்.

எங்கள் கிளப்பிலேயே உதாரணம் உண்டு. முந்தைய ஆண்டு பையன்கள் அணி ஒன்பது ஆட்டங்களில் ஒன்றில்தான் ஜெயித்தது. கமிட்டி கூடி, பயிற்சிக்கு வசதி போதவில்லை என்று பன்னிரண்டு புதுப் பந்து வாங்கிக் கொடுத்தது. பழைய பந்துகள் எங்களுக்கு வந்தன.

தோற்கும் உரிமை கிடைத்த ஒரு பெண்ணும் இருந்தார் என்பதை அந்த இரவுகளில்தான் படித்தேன். இங்கிலாந்தின் ஹோப் பாவெல். 1998-இல் அந்நாட்டுப் பெண்கள் அணியின் முதல் முழுநேரப் பயிற்சியாளர் ஆனார், கறுப்பினப் பெண். அவருடைய அணி 2001 யூரோ கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2003 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. 2005-இல் சொந்த நாட்டில் நடந்த யூரோவிலும் முதல் சுற்றோடு சரி. அப்போதெல்லாம் அவரை அனுப்பிவிடவில்லை. 2007-இல் உலகக் கோப்பைக் காலிறுதி, 2009-இல் யூரோ இறுதி ஆட்டம். பதினைந்து ஆண்டு கழித்து, 2013 யூரோவில் ஒரே ஒரு புள்ளியோடு வெளியேறியபோது நீக்கினார்கள். அது வலித்திருக்கும். ஆனால் அந்தப் பதினைந்து ஆண்டில் அவர் செய்தது, தோற்றது, திருத்தியது, மறுபடி தோற்றது எல்லாம் ஒரு பயிற்சியாளரின் கணக்கில் எழுதப்பட்டது. எனக்கு வேண்டியதும் அதுதான். தோற்றாலும் வேலை தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் தோல்வியைக் கால்பந்துத் தோல்வியாகப் பாருங்கள் என்கிறேன்.

அப்படியென்றால் முதலில் நானே அப்படிப் பார்க்க வேண்டுமே. செவ்வாய் இரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். வாங்கிய இருபத்து மூன்று கோலையும் ஒவ்வொன்றாக எழுதினேன்.

எழுத எழுத வெட்கமாக இருந்தது. லைசென்ஸ் வகுப்பில் கற்ற பெருமையில், கோல்கீப்பரிலிருந்து சின்னச் சின்னப் பாஸாக ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தேன். குண்டும் குழியுமான மைதானத்தில் பந்து நேராக உருளவே உருளாது. எங்கள் பின்வரிசைப் பிள்ளைகள் வேகமாக ஓடுகிறவர்கள் இல்லை. அவர்களைக் கோலிலிருந்து தள்ளி, நடுக்கோட்டுப் பக்கம் நிற்க வைத்தேன். பின்னால் விழும் ஒரு நீளப் பாஸ் போதும், எதிரணி தனியாகக் கோலுக்கு ஓடிவிடும். ஒரே மாதிரி கோலை ஆட்டத்துக்கு ஆட்டம் வாங்கியிருக்கிறோம். மூன்றாவது ஆட்டத்திலேயே நான் மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. மாற்றினால் எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும் என்ற பயம். ஒன்பதாம் நம்பரை எப்போதும் முன்வரிசையில் வைத்ததற்குக் காரணம், அவள் ஓடுவது கல்லூரியில் நான் ஓடியது மாதிரி இருக்கும் என்பதுதான்.

கணக்குப் போட்டேன். பதினொரு கோல் என் திட்டத்தின் தவறு. எட்டு கோல் ஒன்பது பேரோடு ஆடிய இரண்டு ஆட்டங்களில் வாங்கியவை. மீதி நான்கு, எதிரணி உண்மையிலேயே நன்றாக ஆடியதால்.

புதன்கிழமை. காலடிப்பேட்டையில் ஒரு கடைக்கு மேல் மாடி அறை. சுவர் முழுக்கக் கோப்பையோடு நிற்கும் பையன்கள் அணிகளின் படங்கள். ஏழு ஆண்கள். டீ வந்தது. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

“மேடம், உங்க டெடிகேஷன்ல நாங்க குறையே சொல்லல. ஆனா லேடீஸ்னா கொஞ்சம் சாஃப்டாதான் இருப்பாங்க. பசங்கள அதட்டி வேல வாங்கணும்.”

“ஃபேமிலி, ஸ்கூல் டியூட்டி, இதுவும்னா உங்களுக்கும் கஷ்டந்தானே?”

“பொண்ணுங்களுக்குப் பொண்ணு இருந்தா நல்லாருக்கும்னுதான் போட்டோம். ரிசல்ட் வேணும்ல?”

அரை மணி நேரத்தில் ஒருவர்கூட, பின்வரிசையை ஏன் அவ்வளவு தூரம் தள்ளி நிறுத்தினீர்கள் என்று கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. தலைகுனிந்திருப்பேன். அவர்கள் கேட்டதற்கோ, தலைகுனிய என்னிடம் எதுவும் இல்லை.

நோட்டைத் திறந்தேன். “என் தப்ப நானே படிச்சுக் காட்டறேன் சார்” என்று, பதினொரு கோலுக்குமான காரணத்தை ஒவ்வொன்றாகப் படித்தேன். பிறகு எட்டு கோலுக்கான காரணம். டிசம்பர் மாதத்தைச் சொன்னேன். கழிப்பறைச் சாவியைச் சொன்னேன். ஏழு ஆண்கள் இருக்கும் அறையில் மாதவிடாய் என்ற சொல்லை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல்முறை. ஒருவர் டீ கிளாஸைப் பார்த்தார், ஒருவர் போனை எடுத்தார். “நான் அதட்டாததால வாங்கின கோல் இதுல ஒண்ணுகூட இல்ல சார்” என்று முடித்தேன்.

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு செயலாளர் சொன்னார். ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்கள் என்பது அவர் சொன்ன விதத்தில் தெரிந்தது. “உங்கள எடுக்கல மேடம். ஹெட் கோச்சா ஒரு சார் வருவாரு. நீங்க அசிஸ்டென்டா கூட இருங்க. அம்மாங்ககிட்டப் பேசறது, பொண்ணுங்கள கூட்டிட்டு வர்றது, அதெல்லாம் நீங்கதான் பாத்துக்கணும்.”

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

அந்த இரண்டு நாளில் நான் நினைத்துக்கொண்டிருந்தது கிம் இங் என்ற பெண்ணைத்தான். இது பேஸ்பால் கதை. பள்ளியில் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் சொல்லித்தருவதால் எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் கொஞ்சம் ஈடுபாடு உண்டு. அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீகில், மயாமி மார்லின்ஸ் அணியின் பொதுமேலாளராக 2020 நவம்பரில் கிம் இங் வந்தார். வீரர்களைத் தேர்ந்தெடுத்து அணியைக் கட்டும் பொறுப்பு. அந்த லீகில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். வருடக்கணக்காகத் தோற்றுக்கொண்டிருந்த அணி. 2023-இல் 84 வெற்றி, 78 தோல்வி என்ற கணக்கோடு அடுத்த சுற்றுக்குப் போனது. ஒரு முழுப் பருவம் ஆடி அந்த அணி அங்கே போனது 2003-க்குப் பிறகு அப்போதுதான். அதன் பிறகு உரிமையாளர் தரப்பு அவரைத் தொடரச் சொன்னது, ஆனால் அவருக்கு மேலே இன்னொரு தலைமைப் பதவியை உருவாக்க நினைத்தது. அவர் ஒப்புக்கொள்ளாமல் அக்டோபரிலேயே வெளியேறினார். அடுத்த ஆண்டு அதே அணி நூறு ஆட்டங்களில் தோற்றது. 2023-இல் சிறந்த மேனேஜர் விருது வாங்கிய, களத்தில் அணியை நடத்திய ஸ்கிப் ஷூமேக்கரும் அத்தோடு விலகினார்.

ஜெயித்த பெண்ணுக்கு மேலேயே ஒருவரை வைப்பார்கள் என்றால், தோற்ற எனக்கு வைப்பதில் என்ன அதிசயம்? கிம் இங் மாதிரி எழுந்து வந்துவிடலாம் என்று வியாழக்கிழமை முழுக்க நினைத்தேன். ராஜினாமாக் கடிதம்கூட எழுதினேன். நல்ல கடிதம். இன்னும் வைத்திருக்கிறேன்.

வெள்ளி மாலை எங்கள் கோல்கீப்பரின் அம்மா மீன்கூடையோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். “நீ போறியாமே மிஸ்ஸு? போனா எம்பொண்ணும் வரமாட்டா. ஆம்பளைய நம்பி விடியாத நேரத்துல அனுப்பமாட்டேன், சொல்லிட்டேன்.”

அதைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சி வரவில்லை என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். கமிட்டிக்கு நான் பெண் என்பது குறை. அந்த அம்மாவுக்கு நான் பெண் என்பது பாதுகாப்பு. இருவருக்குமே நான் பயிற்சியாளர் இல்லை. ஆனால் அந்த அம்மா பொய்யான பயத்தில் பேசவில்லை. இருட்டு உண்மை, லாரிகள் உண்மை, தனியாக நடக்கும் பெண்பிள்ளைக்கு நேர்வதும் உண்மை. நான் போனால் எனக்குச் சுயமரியாதை மிஞ்சும். ஆனால் பதினாறு பேரில் பாதிப் பேராவது வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். கிம் இங் போனபோது அவருக்குப் பின்னால் வீரர்கள் யாரும் பள்ளியை விட்டு நிற்கவில்லை, கல்யாணம் பேசப்படவில்லை.

சனிக்கிழமை செயலாளரிடம் மூன்று நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தேன். வாரத்தில் இரண்டு நாள் மாலையில் மைதானம் எங்களுக்கு. கழிப்பறைச் சாவி காலையிலேயே என் கையில். அணித் தேர்வில் என் சம்மதம் இல்லாமல் பெயர் போடக் கூடாது. முதல் இரண்டுக்குச் சரி என்றார்கள், மூன்றாவதற்கு “பேசிக்கலாம்” என்றார்கள். நான் இருந்தேன். அது சரியா, தவறா? பெண்ணியம் பேசும் தோழி ஒருத்தி, “நீ போயிருக்கணும்டி, அப்பதான் அவங்களுக்கு உறைச்சிருக்கும்” என்றாள். இருக்கலாம். விலகிப் போவதும் ஒரு வசதி, எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

அதே ஆண்டு நவம்பரில், எங்கள் பக்கத்துப் பிள்ளை, ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். தெருவுக்குத் தெரு பேச்சு. நாங்களும் பட்டாசு வெடித்தோம். வென்ற பெண்ணை இந்த ஊர் தலையில் வைத்துக் கொண்டாடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு காசிமா வருவதற்கு, தோற்றாலும் மறுநாள் போர்டு முன்னால் உட்காரலாம் என்ற நிலை நூறு பெண்களுக்கு இருக்க வேண்டும். அவர்களுக்குச் சொல்லித்தரும் பெண்களுக்கும் இருக்க வேண்டும்.

புதிதாக வந்த சார் கெட்டவர் இல்லை. முதல் வாரமே பின்வரிசையைக் கோலுக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார். நான் செய்திருக்க வேண்டியது. பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். தொடரின் கடைசி ஆட்டத்தில் 1-2 என்று தோற்றோம். ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, கோல்கீப்பர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, அந்த ரெண்டாவது கோலு யார் தப்பு? நோட்டுல எழுதுங்க.”

“நீ சொல்லு.”

யோசித்தாள். “கார்னர் அடிக்கறப்போ நான் வெளிய வந்திருக்கணும். பயந்துட்டேன்.”

“நாளைக்கு அத மட்டும் பாக்கலாம்” என்றேன். அவளே நோட்டை வாங்கி எழுதினாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு, கழிப்பறைக் கதவைத் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் அவளுக்குக் கார்னர் அடித்துக்கொண்டிருந்தேன்.